ராத்திரியைக் காட்டிய மானிட்டர்

அவளுக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. கண்ணில் ஏதாவது பட்டு அது பிடித்துப்போனால், அடுத்த நிமிஷம் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றாக வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர், அவசரமாகப் போகிறவர், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. "ஒரு நிமிஷம் வாங்க" என்பாள். என்ன விஷயம் என்று சொல்ல மாட்டாள். சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவாள்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில், மசாலாச் சரக்கு மொத்த வியாபாரக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே மிளகாய் வற்றலும் மல்லியும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக இறங்கும். மேலே நாங்கள் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் செய்துகொண்டிருந்தோம். மிளகாய் லோடு வரும் நாட்களில் தும்மிக்கொண்டே செய்தோம். கடை, அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. தம்பிக்கு மிளகாயைவிடப் புத்தகத்தின் மேல் ஆசை அதிகம். அவர்தான் எங்கள் முதலாளி. கதை எழுதி, கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் கட்டுவது என் வேலை. படம் வரைவது அவள்.

ஒருநாள் மத்தியானம் கடைப் பூனை மஞ்சள் மூட்டையின் மேல் படுத்துத் தூங்கி எழுந்து வந்தது. முதுகு பால் வெள்ளை, வயிறு மட்டும் மஞ்சள். அவள் மாடிக்கு ஓடிவந்து என்னையும் முதலாளியையும் இறக்கிக்கொண்டு போனாள். போதாதென்று, தலையில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த லோடுக்காரரை மறித்தாள்.

"இதை இறக்கி வச்சுட்டு வரட்டே மோளே" என்றார் அவர்.

"அதுக்குள்ள அது நக்கித் துடைச்சிரும் சேட்டா."

அவர் மூட்டையைச் சுமந்தபடியே குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பூனையைப் பார்த்தார். அவள் பூனையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான். நம்மைக் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டிவிட்டு, அவள் நம்மைப் பார்ப்பாள். "நல்லா இருக்கு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "எது நல்லா இருக்கு?" என்று கேட்பாள். நாம் ஒன்றைச் சொன்னால், "அதை நான் கவனிக்கல, கேட்டோ" என்று அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மாவும் பெரியம்மாக்களும் கொழுந்து பறித்தவர்கள். ஓவியக் கல்லூரிக்காக நகரத்துக்கு வந்தவள், அப்படியே இங்கே தங்கிவிட்டாள். பேச்சில் பாதி மலையாளம். சண்டை போடும்போது மட்டும் சுத்தமான தமிழ் வரும். இப்போது கொச்சியில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் இருக்கிறாள். எப்போதாவது என் போனுக்கு ஒரு படம் வரும். கூட ஒரு வார்த்தையும் இருக்காது. நான் என்ன பதில் போட்டாலும், "எது?" என்று மட்டும் திரும்பி வரும்.

எங்கள் முதல் புத்தகத்தின் கதை, ஒரு மத்தியான நேரத்தில் தேயிலைக் காட்டுக்குள் தொலைந்துபோன ஆட்டைத் தேடிப் போகும் ஒரு சிறுமியைப் பற்றியது. மலை முழுக்க வெயில். அவள் தன் சொந்த மலையையே வரைந்தாள். சிறுமியின் நிறத்துக்குத் தன் கையையே பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள்.

வரைந்தது ஒரு பழைய மானிட்டரில். கீழ்க்கடையில் பில் போடுவதற்காக வாங்கி, பிறகு மாடிக்கு ஏற்றியது. நேராக உட்கார்ந்தால் ஒரு நிறம், இடது பக்கம் நின்றால் வெளுத்த நிறம், வலது பக்கம் நின்றால் கறுத்த நிறம். அவளோ ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் எல்லோரையும் கூப்பிடுகிறவள். அதனால் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒவ்வொருவராக அதில் உட்காரவைத்துக் காட்டுவாள். நாங்கள் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்போம்.

சிவகாசியிலிருந்து புத்தகக் கட்டு வந்த அன்று அவள்தான் கயிற்றை அறுத்தாள். மேலே இருந்த பிரதியைத் திறந்தாள். மலை கருநீலமாக இருந்தது. சிறுமியின் முகம் சாம்பல் பூசியது போல இருந்தது. அடுத்த பிரதியைத் திறந்தாள். அதுவும் அப்படித்தான். அந்த வாரக் கடைசியில் ஒரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனாள்.

திங்கட்கிழமை வந்தவளிடம், "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னா." கம்ப்யூட்டரைப் போட்டாள். "இது ராத்திரி நேரந்தானேன்னு கேட்டா."

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதற்கும் கூப்பிடவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். ஒருநாள் கோயிலுக்குப் போகும் யானை ஒன்று எங்கள் சந்தில் திரும்ப முடியாமல் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுவிட்டது. தெருவே கூடி நின்றது. நான் ஜன்னலிலிருந்து, "இங்க வந்து பாரேன்" என்றேன்.

"பாத்தேன்" என்றாள், நாற்காலியிலிருந்து எழாமல்.

எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

முதலாளிக்கு வேறு கவலை. கடைகளிலிருந்து புத்தகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. "இன்னும் ஒண்ணு போட்டுப் பாப்போம்" என்றார். "அதுவும் இப்பிடி வந்துச்சுன்னா நான் பள்ளிக்கூடத்துக்குக் கைடு போடப் போயிருவேன், பாத்துக்கிடுங்க." கைடுக்குப் படம் வரைய ஆள் தேவையில்லை. அதை அவர் சொல்லவில்லை. அவளுக்கும் எனக்கும் தெரியும்.

நான் அச்சகத்துக்குப் போன் செய்து கத்தினேன். அங்கே இருந்த மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. "நீங்க அனுப்புன ஃபைல்ல இருக்கறதுதான் சார் வரும். நீங்க எதுல பாத்து வரையறீங்க? அதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

அப்படித்தான் புது மானிட்டர் வாங்கும் பேச்சு வந்தது. முதலாளி தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். தேர்ந்தெடுக்க வேண்டியவளோ, "எதையாவது வாங்குங்கண்ணே" என்றாள். விடாப்பிடியாக அவளை ஸ்டாச்சு பக்கம் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப்போனேன். போகும்போது அந்தத் தேயிலை மலைப் படத்தை அவளுக்குத் தெரியாமல் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன்.

கடைச் சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் கிளிகளும் அருவிகளும் வெட்டிய பழங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் வில் மாதிரி வளைந்த பெரியது ஒன்று. என் கண் அதிலேயே நின்றுவிட்டது. விற்பனை செய்யும் இளைஞன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "கிடிலன் கலர் அல்லே சாரே?" என்றான். நான் பென் டிரைவை நீட்டினேன். என்ன படம் என்று தெரிந்ததும் அவள் முகம் சுருங்கியது.

"அது வேண்டாம்ணே."

அதற்குள் படம் வந்துவிட்டது. மலை பச்சைப் பசேலென்று மின்னியது. சிறுமியின் முகம் தங்கம் மாதிரி இருந்தது. நான் சொக்கிப்போனேன். "இதையே எடுத்துரலாமா?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள்.

இளைஞனுக்கு அந்த 'ம்' பிடிக்கவில்லை போல. "சேச்சி, படம் வரைக்குந்ந ஆளாணோ?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, மூலையிலிருந்த இன்னொன்றுக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிப் பளபளப்பு இல்லாத, மங்கலான முகம் கொண்ட இருபத்தேழு இஞ்ச் மானிட்டர். கிளிகள்கூட அதில் கொஞ்சம் களைத்துப்போய்த்தான் தெரிந்தன. போட்டோ எடுப்பவர்களும் வீட்டுக்கு வரைபடம் போடுபவர்களும் இதைத்தான் கேட்பார்கள் என்றான். ஃபோர் கே. ஒரு இஞ்சுக்குள் பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகள். நிறத்தைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதைக் காட்டும் என்றும் சொன்னான். படத்தை அதில் போட்டான்.

ராத்திரி வந்தது.

கருநீல மலை. சாம்பல் முகம். அன்றைக்குக் கயிற்றை அறுத்துத் திறந்த அதே பக்கம். "வேண்டாம், எடுத்துருங்க" என்று பென் டிரைவைப் பிடுங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். பிறகு தன் மணிக்கட்டைத் தூக்கிச் சிறுமியின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கை மாநிறம். கன்னம் சாம்பல்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "ராத்திரி தெரியுது."

"தெரியுது. அதான் வேண்டாங்கறேன்."

"ஐயோ, புரியலையா? இது ராத்திரிதான். நான் வரைஞ்சதே ராத்திரிதான். நம்ம மானிட்டர்தான் அதைப் பகலா காட்டியிருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மேசை மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில். வெயிலில் திரை சரியாகத் தெரியாததால் மானிட்டரின் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்திருந்தோம். பழசாகி அது மஞ்சள் பாரித்தும் போயிருந்தது. வெளிச்சம் அதிகமென்று அவள் படத்தை இருட்டாக்கினாள். மஞ்சள் அதிகமென்று நீலத்தைச் சேர்த்தாள். அந்த மானிட்டருக்குச் சரியாக வரைந்தாள். மலைக்குச் சரியாக வரையவில்லை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு. "ஒரு நிமிஷம் வாங்க" என்று பில் போடும் அம்மாளைக் கூப்பிட்டாள். பிரிண்டர் மை வாங்க வந்திருந்த ஒரு வயதான தம்பதியைக் கூப்பிட்டாள். ஒருவரை இடது பக்கம் நிறுத்தினாள், ஒருவரை வலது பக்கம், அந்த அம்மாளை நாற்காலியில்.

"இது என்ன நேரம்?"

"ராத்ரியல்லே?" என்றாள் பில் போடும் அம்மாள்.

"அங்கேர்ந்து பாக்கறப்போ?"

"இருட்டுத்தான்" என்றார் இடது பக்கம் நின்ற பெரியவர், மன்னிப்புக் கேட்கும் குரலில். "படம் நல்லதுதான், பக்ஷே இருட்டு."

"அங்கயும் இருட்டுத்தானே?" என்று வலது பக்கத்தைக் கேட்டாள். ஆமாம் என்றதும் கையைத் தட்டினாள். தன் படம் மோசம் என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே இருட்டு. இனி யாரையும் வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

பெரியவரின் மனைவி இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மோளே, இந்த ஆட்டுக்கு அஞ்சு கால் உண்டல்லோ" என்றார்.

எல்லோரும் குனிந்தோம். உண்மைதான். முதலில் வரைந்து அழித்த காலின் கோடு ஒன்று வயிற்றுக்குக் கீழே மெலிதாக மிச்சம் இருந்தது. பழைய மானிட்டரில் ஆட்டின் ரோமமெல்லாம் படிக்கட்டு மாதிரிதான் தெரியும். இந்தக் கோடு எங்கே தெரியப்போகிறது? இதில் ரோமம் ஒவ்வொன்றும் தனியாக நின்றது. ஐந்தாவது காலும் நின்றது. அப்படியே அச்சாகி, எங்கள் கண்ணில் படாமலே ஊரெல்லாம் போயிருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கடையே சிரித்தது.

இதே ரகத்தில் முப்பத்திரண்டு இஞ்ச் இருக்கிறது, இடம் தாராளம் என்று இளைஞன் அதையும் காட்டினான். அவள் நாற்காலியை எங்கள் மேசை அளவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அதே புள்ளிகள் பெரிய பரப்பில் பரவியதால் ரோமமும் கொஞ்சம் தடித்தது. "எனக்கு ரோமம் வேணும்" என்றாள். சிறியதே முடிவானது.

நான் முதலாளிக்குப் போன் செய்தேன். "எப்படி இருக்கு?" என்றார்.

"நம்ம படம் ரொம்ப மோசமா தெரியுது முதலாளி."

"அப்ப வேற பாருங்க."

"இல்ல, இதைத்தான் வாங்கணும்கறா."

பின்னணியில் யாரோ மிளகு விலை பேசுவது கேட்டது. "மோசமா காட்டுறதுக்கா நான் காசு குடுக்கணும்?"

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "முதலாளி, அச்சுல எப்படி வந்துச்சோ அப்படியே இதுல தெரியுது. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா நான் மாத்திருவேன் அல்லே?"

மறுபடியும் மிளகு விலை. பிறகு அவர் சொன்னது எனக்கே கேட்டது. "வாங்கிட்டு வாங்க. மழை இருட்டிக்கிட்டு வருது, நனைச்சிராதீங்க."

மழை தம்பானூரில் பிடித்துக்கொண்டது. அங்கே மழை என்றால் தெரு ஆறாகிவிடும். ஆட்டோவுக்குள் தண்ணீர் ஏற ஏற, பெட்டியை எங்கள் மடியிலிருந்து தோளுக்கு உயர்த்தினோம். ஆரியசாலைச் சந்துக்குள் ஆட்டோ வர முடியாது என்று நின்றுவிட்டது. அன்றைக்குத் தலையில் மூட்டையோடு பூனையைப் பார்த்த அதே லோடுக்காரர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து பெட்டியைத் தலையில் வாங்கினார். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். "பொட்டுமோ?" என்று, உடைந்துவிடுமோ எனும் அர்த்தத்தில், ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு நாங்கள் ஓடியும் பிடிக்க முடியாத வேகத்தில் நடந்தார்.

பெட்டியைப் பிரித்து மாட்டினால், மவுஸ் அம்புக்குறி நொண்டி நொண்டி நகர்ந்தது. பழைய கேபிளுக்கு இத்தனை புள்ளிகளைச் சுமக்கும் தெம்பு இல்லை. மறுநாள் வேறு கேபிள் வந்தது. எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்தது, அளவைக் கூட்டினேன். அப்போது என் கதையின் முதல் வரி திரையில் நின்றது. எத்தனை வருஷமாகத் தமிழைப் பக்கம் கட்டுகிறேன். 'ழ'வின் கால் கீழே போய்ச் சுழித்துத் திரும்புகிற இடத்தை அன்றைக்குத்தான் ஒரு பிசிறு இல்லாமல் பார்த்தேன். மையால் இழுத்தது போல இருந்தது. "ஒரு நிமிஷம் வா" என்றேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "எது?" என்றாள். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது புத்தகம், போனக்காட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பற்றியது. பாதி வரைந்து வைத்திருந்தாள். புது மானிட்டரில் திறந்தால் அதுவும் ராத்திரி. எல்லாப் பக்கத்தையும் மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். ஜன்னலுக்குச் சாக்குத் துணியில் திரை தைத்துப் போட்டாள். மானிட்டர் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். விடுமுறை நாட்களில் அந்த பஸ்ஸிலேயே மலைக்குப் போய் வந்தாள். டிரைவர் சீட்டின் கிழிசல், கம்பியில் உரிந்த பெயிண்ட், எல்லாம் திரைக்கு வந்தன. எங்களைக் கூப்பிடுவது பழையபடி தொடங்கியது. முன்பைவிட மோசம். டீ கொண்டுவருபவர் எங்கள் மாடிக்கு வந்தால் மற்ற கடைகளுக்கு டீ ஆறிப்போகும் என்று புகார் வந்தது.

அச்சகம் முதலில் ஒரு மாதிரித் தாள் அடித்து அனுப்புவதாக ஏற்பாடு. அதைப் பார்த்து நாங்கள் சரி என்றால்தான் மொத்தமும் ஓடும். தாள் பார்சலில் தம்பானூருக்கு வந்தது. வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போகலாம் என்றேன். அவளால் அதுவரை தாங்க முடியவில்லை. பஸ் நிலையத்தில், நல்ல வெயிலில், அங்கேயே பிரித்தாள்.

பச்சை. மலை முழுக்க மத்தியானப் பச்சை. படத்தில் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த சிறுமியின் கைக்குப் பக்கத்தில் அவள் தன் கையை வைத்தாள். எது அச்சு, எது கை என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைக்கூடக் கூப்பிடத் தோன்றாமல் நின்றாள்.

பக்கத்தில் போனக்காடு பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் படியிலிருந்து தாளை எட்டிப் பார்த்தார். இறங்கி வந்தார்.

"இது நம்முடெ வண்டி அல்லே?"

அவள் தலையை ஆட்டினாள்.

"கண்ணாடியிலெ அந்தக் கீறல் கூடி உண்டல்லோ." அவர் தாளைத் தன் கையில் வாங்கிக்கொண்டு டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எடோ, ஒந்நு இறங்கி வா. இது நோக்கு."

டிரைவர் வந்தார். தன் சீட்டின் கிழிசலைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. தாள் உள்ளே போனது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் அதை மடியில் விரித்து, எந்த வளைவு, எந்த லயத்து வீட்டு வரிசை என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். "இது நம்ம கோயிலுக்குக் கீழ இருக்கிற வளைவுடீ." "இல்லக்கா, அதுக்கும் மேல." பின் சீட்டில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள்.

மணி இரண்டு முறை அடித்தது. பஸ் நகர்ந்தது. நான், "தாள், தாள்" என்று ஓடப்போனேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கண்ணே. போகட்டும்."

என் போன் அடித்தது. முதலாளி. "வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"பச்சை?"

"பச்சைதான் முதலாளி. தேயிலைப் பச்சை."

"பிள்ளை மூஞ்சி?"

"சரியா இருக்கு. அச்சடிக்கச் சொல்லிருங்க."

"இருங்க, இருங்க. நானும் ஒருதடவை பாத்துக்கிடுதேன். தாளைக் கொண்டாங்க."

"தாள் இப்ப போனக்காட்டுக்குப் போயிட்டிருக்கு."

போனில் கீழ்க்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார் முதலாளி. "அச்சடிக்கச் சொல்லிருதேன்."